மறுநாள் பேப்பரில் வராத விபத்து



ஒரு வீட்டில் திடீரென்று ஒரு சாவு விழுந்தால், வருகிற எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "என்னாச்சு? எப்படி ஆச்சு?" அழுதுகொண்டே அதற்குப் பதில் சொல்வோம். அத்தை வந்தால் அத்தையிடம், பெரியப்பா வந்தால் பெரியப்பாவிடம். சொல்லச் சொல்லத்தான் துக்கம் கொஞ்சமாவது கரைகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது, கேட்டாலும் பதில் கிடைக்காது என்று ஓர் அரசாங்கமே முடிவு செய்துவிட்டால் அந்த வீடு என்ன செய்யும்?

1950 ஜனவரி 5. சோவியத் ஒன்றியத்தின் உரால் பகுதியில் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரம். இன்று அதை யெகாதெரின்பர்க் என்கிறார்கள். அங்குள்ள கொல்த்சோவோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பனிப்புயலுக்கு நடுவே, விமானப்படைக்குச் சொந்தமான லி-2 விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த 19 பேரும் இறந்துபோனார்கள். அதில் 11 பேர் மாஸ்கோ விமானப்படை அணியின் ஐஸ் ஹாக்கி வீரர்கள். கூடவே அணியின் டாக்டர், மசாஜ் செய்பவர், விமான ஊழியர்கள் 6 பேர்.

செல்யாபின்ஸ்க் நகரத்தில் மேட்ச் ஆடுவதற்காகப் போனவர்கள் அவர்கள். அங்கே வானிலை மோசம் என்று விமானத்தை ஸ்வெர்த்லோவ்ஸ்க்குக்குத் திருப்பினார்கள். இங்கும் பலத்த காற்று, கண்ணை மறைக்கும் பனி. பைலட் பலமுறை தரையிறங்க முயன்றார். முடியவில்லை.

அமெரிக்காவின் டிசி-3 விமானத்தை லைசென்ஸ் வாங்கி சோவியத்தில் தயாரித்ததுதான் லி-2. நல்ல விமானம்தான். ஆனால் கண்ணுக்கு ரன்வே தெரியாதபோது ரேடியோவையும் கருவிகளையும் மட்டும் நம்பி இறங்குவதற்கு விமானம் மட்டும் போதுமா? கீழே அதற்கான வசதி வேண்டும், பைலட்டுக்கு அந்தப் பயிற்சி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "இன்று வேண்டாம், திரும்பிவிடலாம்" என்று சொல்லும் உரிமை அவருக்கு வேண்டும். மேட்ச் காத்திருக்கிறது, மேலிடம் காத்திருக்கிறது என்ற நெருக்கடியில் அந்த உரிமையைப் பயன்படுத்த எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

மறுநாள் பத்திரிகைகளில் ஒரு வரி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அந்த அணியின் புரவலர், மாஸ்கோ ராணுவ வட்டார விமானப்படையின் தளபதி வாசிலி ஸ்டாலின். ஆமாம், சோவியத் தலைவர் ஸ்டாலினின் மகன்தான். நடந்ததைத் தன் தந்தையின் காதுக்கே எட்டவிடாமல் அவர் மறைத்தார் என்பார்கள். அவசர அவசரமாகப் புதிய ஆட்களைச் சேர்த்து அணி மீண்டும் களத்தில் இறங்கியது. இறந்தவர்களின் குடும்பப் பெயரையே கொண்ட வேறு ஆட்களைத் தேடிப் பிடித்து ஆடவைத்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. பெயர்ப் பட்டியலைப் பார்க்கும் ரசிகருக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியாது அல்லவா?

இறந்தவர்களில் ஒருவர் யூரி தராசோவ். சோவியத் ஹாக்கியின் தந்தை என்று பின்னாளில் உலகமே கொண்டாடிய பயிற்சியாளர் அனதோலி தராசோவின் தம்பி. தப்பித்தவர்களில் ஒருவர், அந்நாளின் மிகப்பெரிய நட்சத்திரமான வ்செவோலத் பாப்ரோவ். அவர் அன்று விமானம் ஏறவில்லை. அலாரம் அடிக்காமல் தூங்கிப்போனார் என்று ஒரு கதை உண்டு, வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு. 1956-ல் ஒலிம்பிக் தங்கம் வென்ற சோவியத் ஹாக்கி அணிக்கு அவர்தான் கேப்டன்.

அந்த அணியில் மகனைக் கொடுத்த ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ரேடியோவில் மேட்ச் முடிவு கேட்கிறார்கள். அணி ஆடுகிறது, ஜெயிக்கிறது. 1951, 1952, 1953 என்று மூன்று வருடம் தொடர்ந்து அந்த அணிதான் தேசிய சாம்பியன். அவள் பிள்ளை மட்டும் இல்லை. ஏன் இல்லை என்று எந்தப் பேப்பரும் சொல்லவில்லை. அவள் எந்தக் கடைத்தெருவில் நின்று, யாரிடம், என்னவென்று சொல்லுவாள்?

வாசிலி ஸ்டாலினைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அதுதான் என்னை இதை எழுதவே தூண்டியது.

போர் முடிந்த 1945-ல், சோவியத் போர் விமானங்களின் தரம் சரியில்லை, அதனால் விபத்துகள் நடக்கின்றன என்று தந்தையிடம் புகார் சொன்னவர் இதே வாசிலிதான் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. போர்க்காலத்தில் ஃபாக்டரிகளுக்கு இருந்த ஒரே கட்டளை எண்ணிக்கை. மரப்பலகையும் துணியும் பெயின்டும் கொண்டு செய்த இறக்கைகள் அவை. 1943-ல், குர்ஸ்க் போருக்குச் சற்று முன்பு, யாக் விமானங்களின் இறக்கை உறை வெடித்து உரியத் தொடங்கியது. மாற்றுச் சரக்காக வந்த மட்டமான பெயின்ட்தான் காரணம். ஸ்டாலின் கூப்பிட்டுச் சீறியதை வடிவமைப்பாளர் யாகவ்லெவ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

குறை இருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்? எங்கே பிசகியது என்று பார்க்க வேண்டும். 1946-ல் செய்தது வேறு. விமானத் தொழில்துறை அமைச்சர் ஷாகூரினையும், விமானப்படையின் தலைமைத் தளபதி நோவிகோவையும் கைது செய்தார்கள். குறைபாடுள்ள விமானங்களை ஒருவர் கொடுத்தார், மற்றவர் வாங்கிக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. ஷாகூரினுக்கு 7 வருடம், நோவிகோவுக்கு 5 வருடம் சிறை. போரை ஜெயித்துக் கொடுத்த தளபதி அவர்! ஸ்டாலின் 1953-ல் இறந்த பிறகுதான் இருவரும் குற்றமற்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள்.

இதற்கு முன்னோடியாக 1941-ல் ஒரு சம்பவம். விபத்துகள் ஏன் இவ்வளவு என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தபோது, விமானப்படைத் தலைவராக இருந்த பாவெல் ரிச்சகோவ் என்ற இளம் தளபதி, எங்களைச் சவப்பெட்டியில் ஏற்றிப் பறக்கவிடுகிறீர்கள் என்ற பொருளில் ஸ்டாலின் முகத்துக்கு நேரே சொன்னதாகச் சொல்வார்கள். சில மாதங்களில் அவர் கைதானார். அக்டோபரில் சுட்டுக் கொன்றார்கள்.

உண்மையைச் சொன்னவருக்கு இந்த முடிவு என்றால், அதைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினீயர் என்ன பாடம் கற்றிருப்பார்? ஒரு ஸ்குரூ சரியில்லை என்று தெரிந்தால் வாய் திறப்பாரா? நம் ஆபீஸ்களில் சின்னத் தவறுக்குப் பெரிய ரகளை நடக்கும் இடங்களில், அடுத்த தவறு ஃபைலுக்குள் போய் ஒளிந்துகொள்வதை நாம் பார்த்ததே இல்லையா?

நம்மில் பலர் 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழப்பான பக்கங்களைப் புரட்டி வளர்ந்தவர்கள். பள்ளி நோட்டுக்கு அதைத்தான் அட்டையாகப் போடுவோம். அந்த நாட்டின்மேல் நமக்கிருந்த பிரியம் பொய்யில்லை. நான் அதைக் குறைத்துப் பேசவும் வரவில்லை. ஏனென்றால், இந்தக் கதையில் நான் வணங்குகிற இருவர் அதே சோவியத் விமானிகள்தான்.

போர் முடிந்த கையோடு ஜெட் யுகம் வந்துவிட்டது. சோவியத் அவசரப்பட்டது. 1946 ஏப்ரல் 24 அன்று, ஒரே நாளில், இரண்டு புதிய ஜெட் விமானங்கள் முதல்முறையாகப் பறந்தன. ஒன்று மிக்-9 ஆகப் பெயர் பெற்றது, மற்றது யாக்-15. மிக்கை ஓட்டியவர் டெஸ்ட் பைலட் அலெக்ஸேய் கிரின்சிக். மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 11 அன்று, மேலதிகாரிகள் கூடி நின்று பார்க்க அவர் பறந்து காட்டியபோது, இறக்கைப் பக்கத்திலிருந்து ஒரு துண்டு பிய்ந்து போனது. விமானம் கவிழ்ந்து தரையில் மோதியது. கிரின்சிக் இறந்தார்.

ஆனாலும் நவம்பர் 7 அணிவகுப்பில் ஜெட் விமானங்கள் பறந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு. ஃபாக்டரிகளில் இரவு பகலாகக் கையாலேயே அடித்துப் பூட்டி ஒரு சிறு தொகுப்பைத் தயார் செய்தார்கள். அணிவகுப்பு நாள் வந்தது. வானிலை சரியில்லை என்று விமானங்கள் பறக்கவே இல்லை. எத்தனை குடும்பங்களின் தூக்கம், எத்தனை பைலட்களின் உயிர் பணயம்!

கிரின்சிக்கின் இடத்தில் மிக்-9 சோதனையைத் தொடர்ந்தவர்களில் ஒருவர் மார்க் கல்லாய். அதிவேகத்தில் பறந்துகொண்டிருந்தபோது அவருடைய விமானத்தின் வால் பகுதி உருக்குலைந்தது. விமானம் சொன்னபடி கேட்கவில்லை. பாராசூட்டைக் கட்டிக்கொண்டு குதித்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் குதிக்கவில்லை. இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, அந்த ஊனமான விமானத்தைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கிரின்சிக்கின் விமானம் துண்டு துண்டாகக் கிடந்தது. கல்லாய் கொண்டுவந்தது முழு விமானம். எது உடைந்தது, எப்படி வளைந்தது என்று இன்ஜினீயர்கள் தொட்டுப் பார்க்க முடிந்தது. வாலைப் பலப்படுத்தினார்கள்.

இன்னொருவரின் கதை 1958-ல் நடந்தது. அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

டியூ-104 என்பது சோவியத்தின் முதல் ஜெட் பயணிகள் விமானம். ஒரு குண்டுவீச்சு விமானத்தை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. 1956 மார்ச்சில் அது லண்டனில் வந்து இறங்கியபோது மேற்குலகமே அசந்துபோனது. அதே வருடம் செப்டம்பரில் மாஸ்கோவிலிருந்து இர்குத்ஸ்க்குக்குப் பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கியது. பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் விபத்துகளால் முடங்கிக் கிடந்த நேரம் அது. உலகத்தில் சேவையில் இருந்த ஒரே ஜெட் பயணிகள் விமானம் டியூ-104தான். பெருமை இல்லாமல் இருக்குமா?

1958 ஆகஸ்ட் 15. கபரோவ்ஸ்க்கிலிருந்து கிளம்பிய டியூ-104 ஒன்று மிக அதிக உயரத்தில் புயல் மேகங்களிடையே கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது. 64 பேர் இறந்தார்கள். மேலே என்ன நடந்தது என்று விளக்கிச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த வகை விமானங்கள் தொடர்ந்து பறந்தன.

இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 17. பெய்ஜிங்கிலிருந்து ஓம்ஸ்க் வழியாக மாஸ்கோவுக்கு வந்துகொண்டிருந்த டியூ-104-ல் 80 பேர் இருந்தார்கள். சீனாவின் கலாசாரத் துணை அமைச்சரும் பெரிய எழுத்தாளருமான செங் சென்துவோ அதில் ஒருவர். மாஸ்கோவில் மூடுபனி. மாற்று நிலையமும் மூடிக் கிடந்தது. ஸ்வெர்த்லோவ்ஸ்க்குக்குத் திரும்பிப் போகச் சொன்னார்கள். சுவாஷியாவில் கனாஷ் என்ற ஊருக்கு மேலே, சுமார் 10,000 மீட்டர் உயரத்தில், கீழிருந்து எழும்பிய பலத்த காற்று விமானத்தை அள்ளி இன்னும் மேலே தூக்கி எறிந்தது. காற்று மெலிந்த அந்த உயரத்தில் இறக்கைகளுக்குப் பிடிமானம் இல்லை. விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு கீழே பாய்ந்தது.

கேப்டனின் பெயர் ஹரால்ட் குஸ்நெத்சோவ். கட்டுப்பாட்டுத் தண்டை முழுவதுமாகத் தன் பக்கம் இழுத்தும் மூக்கு மேலே எழவில்லை. மீளமுடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன செய்வான்? பிள்ளைகளை நினைப்பான், கடவுளைக் கூப்பிடுவான். குஸ்நெத்சோவ் ரேடியோவை எடுத்தார். விமானம் எப்படித் தூக்கப்பட்டது, எப்படிப் பாய்கிறது, தண்டை இழுத்தும் என்ன ஆகிறது என்று கீழே இருப்பவர்களுக்கு விளக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் விடைபெற்றுக்கொண்டார். 80 பேரும் இறந்தார்கள்.

வெளிநாட்டுத் தூதுக்குழுக்கள் இருந்த விமானம் என்பதால் இந்த விபத்தை மறைக்க வழியில்லாமல் போனது. குஸ்நெத்சோவ் சொன்ன தகவலை வைத்து விசாரணை நடத்தினார்கள். சோதனை விமானிகள் மேலே போய் அதே நிலைமையை உண்டாக்கிப் பார்த்தார்கள். வால் பகுதியின் கோணத்தை மாற்றினார்கள். எவ்வளவு உயரத்தில் பறக்கலாம் என்ற வரம்பைக் குறைத்தார்கள். ஆகஸ்டில் போன 64 உயிர்கள் கேட்ட கேள்விக்கு அக்டோபரில்தான் பதில் கிடைத்தது. டியூ-104 அதற்குப் பிறகும் ஏறத்தாழ இருபது வருடம் பயணிகளைச் சுமந்தது, வேறு விபத்துகளும் நடந்தன. ஆனால் அவர் சொன்ன பாடத்தால் எத்தனை குடும்பங்களின் அப்பாவும் அம்மாவும் பத்திரமாக வீடு திரும்பியிருப்பார்கள்!

சோவியத்தில் விசாரணையே நடக்காது என்று நினைத்துவிட வேண்டாம். நடந்தது. நேர்மையான, கெட்டிக்கார இன்ஜினீயர்கள் நடத்தினார்கள். மிக்-15 போர் விமானம் அதிவேகத்தில் திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று பைலட்கள் சொன்னபோது, இடது இறக்கையும் வலது இறக்கையும் துல்லியமாக ஒன்றுபோல் அமையவில்லை, போதிய விறைப்பும் இல்லை என்று கண்டுபிடித்துச் சரிசெய்தது அந்த நாட்டின் இன்ஜினீயர்கள்தான். முடிவுகள் அலமாரிக்குள் ரகசிய முத்திரையோடு போய்விட்டன என்பதுதான் என் வருத்தம். டிக்கெட் வாங்கி ஏறும் குடும்பத்துக்கு அது தெரியாது. இறந்தவரின் மனைவிக்கும் தெரியாது. எதுவும் சொல்லாத ஊரில் வதந்திதான் செய்தி. ஒன்று, எல்லாம் பத்திரம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டும். நடுவில் வேறு வழி கிடையாது.

அப்போது மற்ற நாடுகள் மட்டும் யோக்கியமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1953 மே 2 அன்று கல்கத்தாவிலிருந்து கிளம்பிய காமெட் விமானம் புயலில் சிதறி 43 பேர் இறந்தார்கள். அது நம் மண்ணில் நடந்தது. 1954 ஜனவரியில் இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே இன்னொரு காமெட் விழுந்து 35 பேர் போனார்கள். காரணம் தெரிவதற்கு முன்பே மார்ச்சில் மறுபடி பறக்கவிட்டார்கள். ஏப்ரலில் இன்னொன்று கடலில் விழுந்தது, 21 பேர். அவசரம் லண்டனிலும் உயிரைக் குடித்தது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். கடலடியிலிருந்து உடைந்த பாகங்களை அள்ளி வந்தார்கள். ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, உடல் எங்கே கிழிகிறது என்று பார்த்தார்கள். உலோகம் சோர்ந்து விரிசல் விடுகிறது என்ற உண்மை வெளிவந்தது. பொது விசாரணையில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்கள். அது பிரிட்டனுக்குப் பெரிய அவமானம், பெரிய நஷ்டம். ஆனால் அதைப் படித்துத்தான் உலகம் முழுக்க உள்ள விமான இன்ஜினீயர்கள் தங்கள் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1951-லேயே விபத்து விசாரணைக்கென்று விதிகளை ஏற்றுக்கொண்டது. யார்மேல் பழி போடலாம் என்று தேடுவது விசாரணையின் நோக்கமல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பதுதான் நோக்கம் என்கிறது அந்த விதிமுறை. சோவியத் ஒன்றியம் அந்த அமைப்பில் சேர்ந்தது 1970-ல்தான். அதுவரையிலான ஆண்டுகளில் அந்நாட்டு மக்கள் பேப்பரில் படிக்காமலே போன விபத்துகளுக்கு, பல பத்தாண்டுகள் கழித்துத்தான் ஆவணங்கள் திறந்தன. அதற்குள் அந்தத் தாய்மார்களில் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்?

இதெல்லாம் எங்கோ நடந்தது, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விமானத்தில் ஏறாதவர்களும் பஸ்ஸில் ஏறுகிறோம், லிஃப்டில் நிற்கிறோம், பிள்ளைகளை ஸ்கூல் வேனில் அனுப்புகிறோம். ஒரு விபத்து நடந்ததும் நிவாரணத் தொகை எவ்வளவு, யாரை சஸ்பெண்ட் செய்தார்கள் என்பதோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. டிரைவரைக் கைது செய்துவிட்டால் நமக்கும் திருப்தி. பிரேக் ஏன் பிடிக்கவில்லை, கடைசியாக எப்போது பார்த்தார்கள், டிரைவர் எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டினார் என்று கேட்கிறோமா?

நம் நாட்டில் விமான விபத்துகளின் விசாரணை அறிக்கைகள் இன்று இணையத்தில் வெளியாகின்றன. படிக்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் படிக்க முடியும். கல்லூரியில் படிக்கும் உங்கள் மகனையோ மகளையோ ஒன்றை எடுத்து வாசித்து உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். பேருந்து, தொழிற்சாலை, பட்டாசு ஆலை விபத்துகளுக்கும் இப்படிப்பட்ட அறிக்கை வெளிவர வேண்டும் என்று உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள், கலெக்டரின் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். உங்கள் வீட்டில் யாராவது ஃபாக்டரியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை செய்து, "இன்று ஒரு பெரிய ஆபத்து நூலிழையில் தப்பியது" என்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னால், "உனக்கெதுக்கு வம்பு" என்று அடக்கிவிடாதீர்கள். அதை மேலே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்படி எழுதிக் கொடுத்து, ஒரு குறை சரியான அனுபவம் உங்களுக்கு இருந்தால் எங்களுக்கும் எழுதுங்கள். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்